ஏர்சாஃப்ட் பிபி பாதி வழியில் விழுகிறதா? துப்பாக்கிக் குழலைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: அண்ணா, நான் லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். நாலு மாதத்துக்கு முன் ஒரு கடையில் எம்4 வகை எலெக்ட்ரிக் ஏர்சாஃப்ட் ரைபிள் (விளையாட்டுத் துப்பாக்கி) புதிதாக வாங்கினேன். ஆரம்பத்தில் 50 மீட்டர் வரை நேராகப் போன பிபி (சின்ன பிளாஸ்டிக் குண்டு), இப்போது 25 மீட்டரிலேயே தலை குப்புற விழுகிறது. சில நேரம் இடது பக்கம் வளைகிறது. ஹாப்-அப் சக்கரத்தை முழுக்கத் திருப்பியும் பெரிய மாற்றம் இல்லை. விளையாடும் இடத்தில் ஒருவர் 45 பவுண்டுக்கு 6.03 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பேரல் (துப்பாக்கிக் குழல்) வாங்கிப் போடச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த 45 பவுண்ட் இப்போதைக்குச் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

ஹாப்-அப் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். உள் பேரலின் பின்முனையில், மேல் பக்கம் சின்ன சன்னல் போல ஒரு வெட்டு இருக்கும். அதன் மேல் ஒரு ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். நீங்கள் சக்கரத்தைத் திருப்பும்போது 'நப்' என்கிற சிறு துண்டு அந்த ரப்பரை அழுத்த, ரப்பரின் மேடு சன்னல் வழியாக உள்ளே இறங்கும். போகிற பிபியின் தலையில் அது உரச, பிபி பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே வெளியே வரும். டேபிள் டென்னிஸில் அடியில் வெட்டி அடித்த பந்து மிதந்து மிதந்து போகுமே, அதே சங்கதி. இந்தச் சுழல் இல்லையென்றால் எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் பிபி சீக்கிரம் தரைக்கு வந்துவிடும். ஜப்பானில் ஏர்சாஃப்டுக்குச் சக்தி வரம்பு ஒரு ஜூலுக்கும் கீழே. அப்படியிருந்தும் அங்குள்ள டோக்கியோ மாருயி நிறுவனத்தின் துப்பாக்கிகள் தூரத்துக்குப் பேர் வாங்கியிருப்பதற்கு ஹாப்-அப்தான் முக்கியக் காரணம்.

அதாவது, உரசல் குறைந்தால் தூரம் குறையும். உரசல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பிபியும் அந்தப் பக்கம் வளையும். உங்கள் இரண்டு புகாரும் இதற்குள் அடங்கிவிடுகின்றன.

முதல் சந்தேகம் எண்ணெய் மேல். நானே செய்த கூத்தைச் சொல்கிறேன். புதிதில் யாரோ 'சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் வழுவழுவென்று ஓடும்' என்றார்கள் என்று, பிபி வந்து உட்காரும் சேம்பருக்குள் நன்றாக அடித்துவிட்டு விளையாடப் போனேன். அன்றைக்குப் போன பிபி எல்லாம் கல்யாண வீட்டில் தூவுகிற பூ மாதிரி எனக்கு முன்னாலேயே உதிர்ந்தது. ரப்பர் பிபியைப் பிடிக்க வேண்டும். அதில் எண்ணெய் பூசினால் எங்கே பிடிக்கும்? சுத்தம் செய்யும் கம்பியில் பஞ்சு விடாத துணியைச் சுற்றி, கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, ஹாப்பைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, பேரலைத் துடையுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை. கடைசியில் ஒருமுறை உலர்ந்த துணி.

இரண்டாவது, பிபி. 0.20 கிராம் போட்டு வெளி மைதானத்தில் விளையாடினால் காற்றே அதைத் தூக்கிப் போய்விடும். நல்ல 0.28 போட்டுப் பாருங்கள். கீழே விழுந்ததைப் பொறுக்கிப் போடுவதும், ஒட்டு வரி தெரிகிற மலிவுப் பையை வாங்குவதும் பணத்தை மிச்சப்படுத்துகிற வேலை இல்லை. மக்கக்கூடிய பயோ பிபி பையைத் திறந்து மாதக்கணக்கில் ஈரக் கொட்டகையில் வைத்திருந்தால் அதையும் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, அளவு வைக்கும் முறை. ஹாப்பை முழுக்கத் திருப்பினேன் என்கிறீர்கள். அது தப்பு. பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து, மார்பு உயரத்தில் நேராகப் பிடித்து, நாலைந்து சுட்டு, ஒரு பல் திருப்பி, மறுபடி நாலைந்து. பிபி நூல் பிடித்தாற்போல் போய்க் கடைசியில் லேசாகத் தலை தூக்கினால் அங்கே நிறுத்துங்கள். சுடும்போது துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தால் சுழலும் சாய்ந்து பிபி பக்கவாட்டில் போகும். முகமூடி போட்டவர்கள் கன்னத்தை வைக்க முடியாமல் தம்மையறியாமல் சாய்ப்பதுண்டு. நண்பர் ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் சரியாகவில்லையா? அப்போது ரப்பர் தேய்ந்திருக்கிறது, அல்லது முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் கழற்றுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். நாலு மாதம்தானே ஆகிறது? பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. பொருளைத் திருப்பித் தந்து முழுப் பணத்தையும் கேட்கிற 30 நாள் கெடு உங்களுக்கு முடிந்துவிட்டது. ஆனால் பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அந்த ஒரு முயற்சியும் தோற்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 'தயாரிப்பாளரிடம் போங்கள்' என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பணம் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும். 'ரப்பர் தேயும் பொருள்' என்று கடை வாதாடும், அதில் நியாயமும் உண்டு. ஆனால் நாலு மாதத்தில் இப்படி ஆவது இயல்பா என்பதுதான் கேள்வி. நீங்களே பிரித்துவிட்டால் அந்த வாதம் உங்கள் கையை விட்டுப் போகும். எனவே முதலில் ஒரு வீடியோ, ஒரு மின்னஞ்சல். பிறகு திருப்புளி.

கேள்வி: கடை உத்தரவாதம் முடிந்த பழைய ரைபிள் என்னிடம் இருக்கிறது. ஹாப்-அப்பை நானே மேம்படுத்த நினைக்கிறேன். எதை எந்த வரிசையில் வாங்குவது?

பதில்: ரப்பரும் நப்பும் முதலில். இரண்டும் சேர்ந்தே சுமார் 15 பவுண்டுக்குள் முடியும். ஐந்து பவுண்ட் பொருளுக்கும் ஐம்பது பவுண்ட் பொருளுக்கும் ஏர்சாஃப்டில் பலன் எப்போதும் விலையைப் பார்த்து வருவதில்லை.

மேப்பிள் லீஃப் நிறுவனத்தின் ரப்பர்களில் 50, 60, 70 என்று டிகிரி போட்டிருக்கும். அது கடினத்தின் அளவு. எண் குறைந்தால் மென்மை. 350 எஃப்பிஎஸ் (நொடிக்கு 350 அடி வேகம்) பக்கம் இருக்கும் சாதாரண ரைபிளுக்கு 50 அல்லது 60 போதும். குளிரில் ரப்பர் இறுகும், அதனால் ஜனவரியில் விளையாடுகிறவர்களுக்கு மென்மையானதே நல்லது. 70, 80 எல்லாம் பலமான ஸ்பிரிங் போட்ட ஸ்னைப்பர்காரர்கள் சமாசாரம். அகலமாக அழுத்தும் நப் போட்டால் கனமான பிபியும் நன்றாகத் தூக்கும்.

எம்4 வகையில் முன்பக்கம் இருக்கும் பின்னை (ஊசியை)த் தள்ளினால் மேல் பாகம் முன்னால் நழுவி வரும். பேரலும் ஹாப்-அப் சேம்பரும் சேர்ந்தே கையில் வந்துவிடும். சேம்பரில் மாட்டியிருக்கும் சின்ன ஸ்பிரிங் எகிறிக் குதித்துச் சோபாவுக்கு அடியில் போவதுதான் வழக்கம், வெள்ளைத் துணி விரித்து வேலை பாருங்கள். 'சி' வடிவக் கிளிப்பை எடுத்தால் பேரல் தனியாக வரும். புது ரப்பரை உலர்ந்த துணியால் துடைத்து, உட்புறக் கோடு பேரலின் பள்ளத்தில் உட்காரும்படி மாட்டுங்கள். வெளிப்புற வரியும் சேம்பரின் காடியும் பொருந்த வேண்டும். இப்போது சேர்த்து மாட்டிவிட்டு, ஹாப்பைக் கொஞ்சம் இறக்கி, பேரலின் வாய் வழியாக வீட்டுச் சன்னல் வெளிச்சத்தைப் பாருங்கள். வட்டத்தின் உச்சியில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் சமமாக இறங்கித் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தொங்கினால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். நான் மூன்றாவது தடவைதான் சரியாக மாட்டினேன். இடது பக்கம் வளைகிற நோய்க்கு மருந்து பெரும்பாலும் இந்த ஒரு பார்வைதான்.

சக்கரம் சுடச்சுடத் தானே நழுவுகிறது என்றால் சேம்பர் மாற்றலாம். அதற்கு முன் சக்கரத்துக்கு அடியில் மெல்லிய ஓ-ரிங் ஒன்று வைத்துப் பாருங்கள், சில பென்ஸ்தான். உலோகச் சேம்பர் பளபளப்பாக இருக்கும். ஆனால் உங்கள் துப்பாக்கியின் உடலில் சரியாக உட்காரவில்லையென்றால் பிபி ஏறாது. ஒழுங்காக வேலை செய்யும் பிளாஸ்டிக் சேம்பரைப் பாவம் என்று விட்டுவிடுங்கள்.

பேரல் கடைசி. மாருயி பேரலின் உள்விட்டம் 6.08 மில்லிமீட்டர், பிபியின் விட்டம் சுமார் 5.95. 6.03 பேரலில் அந்த இடைவெளி இன்னும் குறையும், உண்மைதான். ஆனால் ரப்பர் கோணலாக இருந்தால் அந்தப் பேரலுக்குள்ளும் பிபி கோணலாகத்தான் போகும்.

ஒரு எச்சரிக்கை. நல்ல ரப்பர் காற்றுக் கசிவையும் அடைக்கும், அதனால் வேகம் ஏறலாம். பிரிட்டனில் தொடர்ந்து சுடக்கூடிய ஏர்சாஃப்டுக்குச் சட்ட வரம்பு 1.3 ஜூல், 0.20 பிபியில் சுமார் 374 எஃப்பிஎஸ். பல மைதானங்கள் 350-லேயே நிறுத்திவிடும். ரப்பர் மாற்றியதும் க்ரோனோவில் (வேகம் அளக்கும் கருவியில்) அளந்துவிட்டு விளையாடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பள்ளி நண்பனிடம் பார்த்துவிட்டுக் கேட்கிறான். மலிவாக ஒன்று வாங்கிப் பிறகு ஹாப்-அப் மேம்படுத்தலாமா?

பதில்: அக்கா, 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு இங்கே விற்கக் கூடாது, அவர் வாங்கவும் கூடாது. நீங்கள் வாங்கிப் பரிசாகக் கொடுப்பது வேறு விஷயம். பளிச்சென்ற நிறம் பூசியதை வாங்குங்கள். பிறகு அவன் அதைக் கறுப்பாகப் பூச ஆசைப்படுவான், விடாதீர்கள், அது குற்றம். 20 பவுண்ட் ஸ்பிரிங் துப்பாக்கிகள் பலவற்றில் ஹாப்-அப் அசையாது, 0.12 பிபிக்கென்று நிலையாக வைத்திருப்பார்கள். அதை மேம்படுத்த நினைப்பது பணத்தைக் குப்பையில் போடுவது. பெட்டியில் 'மாற்றக்கூடிய ஹாப்-அப்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போதைக்கு கண்ணைக் காக்கும் நல்ல கண்ணாடி ஒன்று வாங்கிக்கொடுத்து, மைதானத்தில் வாடகைத் துப்பாக்கியோடு இரண்டு ஞாயிறு விளையாட விடுங்கள். மூன்றாவது ஞாயிறும் காலையில் தானே எழுந்து நின்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.