பாடும்போதே திருத்தம் சொல்பவரை என்ன செய்வது?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் சிறிய ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். மாசி மகத்துக்காகப் பக்திப் பாடல்கள் பதிவு செய்ய வந்திருப்பவர் உறவினர்களையும் கூட்டிவந்து, பாடகி பாடிக்கொண்டிருக்கும்போதே பாடகியின் ஹெட்போனுக்குப் பேசும் டாக்பேக் பொத்தானை அழுத்தி, “எக்கோ பத்தல, பேஸ் பத்தல, இன்னும் உருக்கமா பாடும்மா” என்கிறார். பணம் தருபவரிடம் எப்படிச் சொல்வது?
– வாசகர், கடலூர்.

பதில்: முதலில் டாக்பேக் பொத்தானை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணாடிக்கு அப்பால் தனியாக நிற்கும் பாடகிக்கு ஹெட்போனில் வருவது மட்டுமே உலகம். நடுவரியில் ஒரு குறை காதில் விழுந்தால் மூச்சு குறுகிவிடும், நன்றாக வந்துகொண்டிருந்த பல்லவியும் கெட்டுவிடும்.

அதற்காக அவரை வாயடைத்து உட்காரவைக்கவும் கூடாது, ஏனென்றால் பாடல் அவருடையது. பாடலீஸ்வரர் பெயரை விழுங்கிப் பாடினாலோ, ழகரம் வழுக்கினாலோ முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். பாடல் வரிகளை அச்செடுத்து, ஒரு பென்சிலோடு அவரிடம் கொடுத்து, உறுத்தும் இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். டேக் முடிந்ததும் கோடு விழுந்த வரிகளை மட்டும் பஞ்ச் செய்து, அதாவது அந்த இடத்தில் மட்டும் புதிதாகப் பதிந்து, திரும்ப எடுக்கலாம். உறவினர்களின் கருத்தும் அவர் வழியாகவே வரட்டும்.

எக்கோவைப் பாடகியின் ஹெட்போனுக்கு மட்டும் கொடுத்து, குரலை வெறுமையாகவே பதிவு செய்யுங்கள், குரலோடு பதிவாகிவிட்ட எக்கோவைப் பிறகு சுத்தமாகப் பிரிக்க முடியாது. சுருதியைத் திருத்தும் ஆட்டோ டியூனை அப்போதே போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது கணினிக்குத் தரும் சுமைக்காக, ஒலியைச் சற்றுத் தேக்கி அனுப்பும் பஃபரை 1024 சாம்பிளுக்கு ஏற்றினால், 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அந்த ஒரு படியிலேயே சுமார் 21 மில்லிவினாடி தாமதம் சேரும். தன் குரலே பின்தங்கிக் கேட்கும்போது பாடகி தாளத்தில் இழுப்பார்.

பேஸ் பற்றிய புகாருக்கு உடனே எதையும் திருகாதீர்கள். ஒலியளவு குறைவாக இருந்தால் மனிதக் காதுக்கு அடித்தொனி இன்னும் குறைந்து கேட்கும் என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அவர் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஏற்றி ஒருமுறை போட்டுக் காட்டினாலே பல நேரம் புகார் அடங்கிவிடும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் குழாய் ஸ்பீக்கரில் ஒலிக்கப்போகும் பாட்டென்றால், அதில் ஆழ்ந்த பேஸ் ஏறக்குறைய வரவே வராது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

எதனோடும் இணைக்காத ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை) நகர்த்தி, “இப்போது சரியா?” என்று கேட்டுச் சமாளிக்கும் பழக்கம் சில ஸ்டுடியோக்களில் உண்டு. அதை நான் ஏற்கவே மாட்டேன். நம்பிப் பணம் தருபவரை ஏமாற்றுவது அது. மாற்றிக் காட்டுவதென்றால் உண்மையிலேயே மாற்றி, இரண்டையும் ஒரே ஒலியளவில் கேட்கவிடுங்கள். சத்தம் சற்றுக் கூடியிருந்தாலே அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும்.

எத்தனை திருத்தம் கட்டணத்தில் அடங்கும், அதற்கு மேல் என்ன கட்டணம் என்பதை அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த பாடலுக்கு அவர் வரும் நாளில், மைக்கை ஆன் செய்யும் முன்பே இவற்றையெல்லாம் பாடகியின் முன்னிலையில் மரியாதையாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.