கவச உடையைக் கழற்றாதீர்கள், வேலையை நிறுத்துங்கள்

கேள்வி: கத்தாரில் எண்ணெய்த் தொட்டிகளின் உட்புறத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒப்பந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் ஒரு நண்பகல், உடல் முழுவதையும் மூடும், காற்றுப் புகாத ‘கவரால்’ (coverall) என்ற கவச உடையும் முகமூடியும் அணிந்து தொட்டிக்குள் இருந்தபோது மயங்கி விழுந்தேன். மருத்துவமனையில் இருந்த மூன்று நாள் சம்பளத்தையும் கவராலின் விலையையும் பிடித்துக்கொண்டார்கள். தொட்டிக்குள் நிழல்தானே, மதியத் தடை பொருந்தாது என்கிறார் சூப்பர்வைசர். மறுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ?

பதில்: சூப்பர்வைசர் சொல்வது சரியன்று. கத்தாரின் 2021ஆம் ஆண்டு 17ஆம் எண் அமைச்சக ஆணைப்படி, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலை கூடாது. அந்த நேரத்தில் வேலை நடக்க வேண்டுமானால், வேலையிடத்தில் நிழலோடு காற்றோட்டமும் இருந்தாக வேண்டும். ஆள் நுழையும் துளை மட்டுமே உள்ள இரும்புத் தொட்டியைக் காற்றோட்டமான இடம் என்று வாதிடுவது கடினம். காற்றாடி வைத்திருந்தோம் என்று கம்பெனி சொன்னாலும், டபிள்யூ.பி.ஜி.டி. (WBGT) என்ற வெப்ப அளவு 32.1 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்று அதே ஆணை கூறுகிறது. காற்றின் சூடு, ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் இந்த அளவைச் சாதாரண வெப்பமானியின் எண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வழக்கின் உயிர் அந்த உடையில் இருக்கிறது. கடும் வெப்பத்தில் வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஆவி புகாத கவரால் அந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறது. ஆகவே தொழில் சுகாதார வல்லுநர்கள், இரட்டை அடுக்குத் துணியுடைக்கு 3 டிகிரியும், ஆவி புகாத கவராலுக்கு 11 டிகிரியும் டபிள்யூ.பி.ஜி.டி. அளவோடு கூட்டிக் கணக்கிடுகிறார்கள். இது ஆணையில் உள்ள எண் அன்று. ஆயினும், வெயிற்கால ஆபத்தை மதிப்பிட வேண்டிய கம்பெனி தானே கொடுத்த உடையின் சூட்டைக் கணக்கில் சேர்த்ததா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: சூடு தாங்காமல் உள்ளேயே கவராலையோ முகமூடியையோ கழற்றிவிடாதீர்கள். பெயிண்ட் ஆவி உடலுக்குக் கேடு என்பதோடு, பாதுகாப்பு அறிவுறுத்தலை வேண்டுமென்றே மீறிய தொழிலாளிக்கு இழப்பீடு மறுக்க 2004ஆம் ஆண்டு 14ஆம் எண் தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. வேலையை நிறுத்தி, உடையோடு வெளியே வந்துவிடுங்கள். வெப்பத்தால் தன் உடல்நலத்துக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி வேலையை நிறுத்தவும் அமைச்சகத்தில் புகார் செய்யவும் 2021 ஆணை உரிமை தந்திருக்கிறது.

பாதுகாப்பு ஏற்பாட்டுக்கான செலவைச் சம்பளத்தில் பிடிப்பதைத் தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. கவரால் பணம் திரும்ப வர வேண்டும். மயக்கம் வேலையின் காரணமாக நேர்ந்தது என்று மருத்துவமனைப் பதிவு காட்டினால், அது பணிக் காயம். சிகிச்சைச் செலவு முதலாளியுடையது, சிகிச்சைக் காலத்தில் ஆறு மாதம் வரை முழுச் சம்பளமும் உண்டு. எனவே மருத்துவமனை விடுவிப்புச் சீட்டு, சம்பளச் சீட்டு, அன்றைய வாட்ஸ்அப் செய்திகள், முடிந்தால் சைட்டிலுள்ள டபிள்யூ.பி.ஜி.டி. அளவுமானியின் படம் ஆகியவற்றை இப்போதே ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். தொலைபேசி கையைவிட்டுப் போகும் நாளும் வரலாம்.

முதலில் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆபத்தை அறிந்தும் முதலாளி சரிசெய்யாவிட்டால், முன்னறிவிப்பின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவும், பணிக்கால முடிவுத் தொகையைப் பெறவும் சட்டம் இடமளிக்கிறது. அந்த எழுத்துதான் அவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று. பிறகு தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய்யுங்கள். சமரசம் ஆகாவிட்டால் அது தகராறு தீர்வுக் குழுவுக்குப் போகும். ஊருக்கே அனுப்பப்பட்டாலும் உரிமை உடனே போய்விடாது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கையைத் தாக்கல் செய்தாக வேண்டும்.