பூசணி கொழுந்து சுருங்குது, வைரஸா சத்துக்குறைவா?

அண்ணே, மேலூர் பக்கம் பூசணி போட்டு கொழுந்து சுருங்குதுன்னு கேட்டிருக்கீங்க. மக்னீசியம் குறைஞ்சா கீழ இருக்க பழைய இலைதான் நரம்பு பச்சையா, நடுவுல மஞ்சளா மாறும். தேமல் வைரஸ்னா புது இலைல கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டா, கொப்புளம் மாதிரி மேடுதட்டி, சிலசமயம் இலையே நாடா மாதிரி குறுகிரும், காயும் முண்டும் முடிச்சுமா வரும், அதுவும் அங்க ஒரு கொடி இங்க ஒரு கொடின்னுதான் தொடங்கும். பக்கத்து வயல்ல 2,4-டி களைக்கொல்லி அடிச்சாலும் கொழுந்து இப்படி சுருங்கும், அத முதல்ல விசாரிச்சிருங்க.

வைரஸ் வந்த கொடிய குணமாக்க மருந்தே கிடையாதுண்ணே, காச கரைக்காதீங்க. இலை அடில சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சிங்களான அசுவினி, வெள்ளை ஈ இருக்கான்னு பாருங்க. அசுவினி தேமலப் பரப்ப ஒரு நிமிஷம் போதும், மருந்து பட்டு சாகறதுக்குள்ள அடுத்த கொடிக்கு ஏத்திரும், அதனால ஆரம்பத்துலயே நோய்க்கொடிய புடுங்கி வயலுக்கு வெளிய கொண்டுபோயி எரிச்சிருங்க.