குடியரசுக் கட்சிக்காரரான சக் ஹேகலை, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அமெரிக்க அதிபர் ஒபாமா ஏன் பாதுகாப்பு அமைச்சராக்கினார்?

இதற்குப் பதில் வியட்நாமில் இருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1946இல் பிறந்த ஹேகல், 1967இன் இறுதியில் சாதாரணச் சிப்பாயாக வியட்நாம் போருக்குப் போனார். தம்பி டாமும் அதே படைப்பிரிவில் இருந்தார். 1968இல் ஒரு கண்ணிவெடியில் சக்கின் நெஞ்சில் உலோகச் சில்லுகள் பாய்ந்தன. ரத்தத்தை நிறுத்திக் கட்டுப்போட்டது தம்பிதான். சில வாரங்கள் கழித்து அவர்கள் போன கவச வண்டியே வெடித்தது. நினைவிழந்த தம்பியை, தன் முகம் வெந்துபோயிருந்த நிலையிலும் அண்ணன் வெளியே இழுத்துப் போட்டார்.

ஊர் திரும்பிய பிறகு செல்பேசித் தொழிலில் நன்றாகவே சம்பாதித்தார். அப்புறம் 1997 முதல் 2009 வரை செனட்டர். 2002இல் இராக் போர்த் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர், பின்னாளில் சொந்தக் கட்சி அதிபர் புஷ்ஷையே வெளிப்படையாக எதிர்த்தார். 2007இல் கூடுதல் படை அனுப்புவதையும் ஏற்கவில்லை. என் பார்வையில் அவர் வாழ்க்கையில் மிகத் துணிச்சலான கட்டம் இதுதான். செனட்டில் உடனிருந்த ஒபாமாவுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததும் இதனால்தான்.

ஆனால் பழைய கட்சித் தோழர்கள் அதை மறக்கவில்லை. 2013 பிப்ரவரியில் செனட்டில் 58-41 என்ற வாக்குகளில்தான் நியமனம் நிறைவேறியது; குடியரசுக் கட்சியில் ஆதரித்தவர்கள் நால்வர் மட்டுமே. சிப்பாயாகப் போரிட்டு அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர். பதவியேற்ற உடனேயே அரசின் செலவு வெட்டு வந்து, பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்ப வேண்டியதாயிற்று. சிரியா விஷயத்தில் வெள்ளை மாளிகையோடு ஒத்துப்போகவில்லை. 2014 நவம்பரில் விலகலை அறிவித்தார்.