‘நோ’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குத் ‘தெரியும்’ என்பதைத் தவிர வேறு என்னென்ன பொருள்கள் உண்டு?

நீங்கள் கேட்பது மறுப்புச் சொல்லும் ‘நோ’ இல்லை, எழுதும்போது முன்னால் ‘கே’ போட்டுவிட்டு வாசிக்கும்போது அதை விழுங்கிவிடுகிறோமே, அந்த ‘நோ’. அகராதியைத் திறந்தால் பொருள்கள் வரிசையாக நிற்கின்றன, எதை எங்கே எடுப்பது என்று புரியவில்லை என்கிறீர்கள். அந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பேன். ‘தெரியும்’ என்பதும் ‘நோ’வும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்த்தாலே போதும். எனக்கு அது ஒரு மெயிலில்தான் பிடிபட்டது.

தூத்துக்குடியில் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் எங்கள் கன்டெய்னர் ஒன்று கப்பலில் ஏறாமல் அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போய்விட்டது. தகவல் எங்களுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையில் முதல் வேலையாக, வெளிநாட்டில் சரக்கு வாங்குபவருக்கு ‘வி நியூ இட் ஆன் சண்டே’ என்று எழுதி அனுப்பினேன். ‘நியூ’ என்பது நம் ‘நோ’வின் இறந்தகாலம். என் மனதில் ஓடியது ‘ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது’ என்ற தமிழ் வாக்கியம். சாயங்காலம் பதில் வந்தது: ‘ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தெரிந்திருந்தது, சரி. எப்போதிலிருந்து தெரியும்?’ எதையோ மறைக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்து மேசை அக்கா என் மெயிலைப் படித்துவிட்டு, ‘நியூ’ இருந்த இடத்தில் ‘லேர்ன்ட்’ என்று மாற்றிக் கொடுத்தார். ஒரே ஒரு சொல்தான். அதற்குப் பிறகு வந்த பதிலில் அந்தக் கேள்வி இல்லை.

நடந்தது இதுதான். தமிழில் ‘தெரிந்தது’ என்றால் சுவிட்சைப் போட்ட நொடி. இருட்டாக இருந்தது, வெளிச்சம் வந்தது. ஆங்கில ‘நியூ’ அந்த நொடியைச் சொல்வதில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று மட்டும் சொல்லும், எப்போது போட்டார்கள் என்று சொல்லாது. அந்த நொடியைச் சொல்ல ‘லேர்ன்ட்’, ‘ஃபவுண்ட் அவுட்’, ‘ஹேர்ட்’ என்று வேறு சொற்கள் வைத்திருக்கிறார்கள். நம் அலுவலகங்களில் எல்லோரும் எழுதும் ‘கேம் டு நோ’ அப்படியே ‘தெரிய வந்தது’. நமக்குள் எழுதிக்கொண்டால் யாருக்கும் குழப்பம் வராது. வெளியாட்களுக்கு அது பழகப் பழக மெல்லத் தெரிந்துகொண்டதைப் போலக் கேட்கும்.

‘ஐ ஆம் நோயிங்’ ஏன் தவறு என்பதும் இதே கதைதான். இதற்கு இலக்கணப் புத்தகமே தேவையில்லை. ‘எனக்கு அவர் வீடு தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நாம் சொல்வோமா? ‘தெரியும்’ என்றுதான் சொல்வோம். ‘தெரிகிறது’ என்றால் அது கண்ணுக்குப் புலப்படுகிறது என்று அர்த்தம் மாறிவிடும். நம் காதுக்கு இது ஏற்கெனவே பழக்கம்.

சரி, ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள் வந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்த வேலையைக் குறைந்தது மூன்று சொற்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஒரு செய்தியை அறிந்திருக்க ‘விட்டன்’. ஒரு வேலையைச் செய்யத் தெரிந்திருக்க ‘குன்னன்’. ஆளையோ பொருளையோ இன்னதென்று அடையாளம் காண ‘க்னாவன்’. காலப்போக்கில் ‘விட்டன்’ வழக்கொழிந்தது. ‘விட்’ (புத்திக்கூர்மை), ‘அன்விட்டிங்லி’ (அறியாமல்) போன்ற சில சொற்களில் மட்டும் அதன் வாசனை இருக்கிறது. ‘குன்னன்’ மெல்ல மாறி இன்றைய ‘கேன்’ ஆனது. மிஞ்சிய ‘க்னாவன்’தான் நம் ‘நோ’. மற்றவர்கள் விட்டுப்போன சுமையையும் அதுவே தூக்க வேண்டியதாயிற்று. முன்னால் நிற்கும் ‘கே’ ஒரு காலத்தில் வாய்விட்டு உச்சரித்த எழுத்து. 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் ஒலி தேய்ந்தது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. சமஸ்கிருதத்தின் ‘ஞா’ என்ற வேரும் இதே குடும்பம். அந்த வேரிலிருந்து வந்ததுதான் நாம் சொல்லும் ‘ஞானம்’. ஜெர்மன் இன்றும் செய்திக்கு ‘விஸ்ஸன்’, ஆளுக்கு ‘கென்னன்’ என்று பிரித்தே வைத்திருக்கிறது.

‘நீச்சல் தெரியுமா?’ என்று கேட்க ‘கேன் யூ ஸ்விம்’ என்கிறார்களே, அந்தக் ‘கேன்’ ஒரு காலத்தில் ‘தெரியும்’தான் என்று படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், ஆட்கள். ‘அவரைத் தெரியுமா?’ என்று கேட்டால் நம் ஊரில் ‘ஆள் தெரியும், பழக்கமில்லை’ என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் இந்த பதிலுக்கு ‘ஐ நோ ஹிம்’ சரிவராது. அப்படிச் சொன்னால் பேசிப் பழகியவர் என்று எடுத்துக்கொள்வார்கள். பெயரும் விவரமும் மட்டும் தெரிந்தவர் என்றால் நடுவில் ஒரு ‘ஆஃப்’ போட்டு ‘ஐ நோ ஆஃப் ஹிம்’. முகம் மட்டும் தெரியும் என்றால் ‘பை சைட்’ என்று கடைசியில் சேர்க்க வேண்டும். வாடகைக்கு வருகிறவரைப் பற்றியோ வேலைக்கு மனுப் போட்டவரைப் பற்றியோ உங்களிடம் கேட்டு எழுதும்போது இந்தச் சின்னச் சொற்களை விட்டுவிடாதீர்கள். தெரியாமலே ஒருவருக்கு ஜாமீன் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சில பொருள்களுக்குத் ‘தெரியும்’ எட்டாது, ‘அறி’தான் வேண்டும். ‘பசி அறியாமல் வளர்ந்தவன்’ என்கிறோம், பட்டு உணர்ந்த அறிவு அது. ஆங்கிலத்திலும் பசியை, துக்கத்தை, வறுமையை ‘நோ’ செய்திருக்கிறார்கள் என்று எழுதுவார்கள். பைபிளில் ஆதியாகமம் 4ஆம் அதிகாரம் தொடங்கும் இடத்தில் ஆதாம் ஏவாளை ‘நோ’ செய்தான் என்று 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு சொல்கிறது. எபிரேய மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, கணவன் மனைவி கூடியதை அடக்கமாகச் சொல்லும் முறை. தமிழிலும் ‘அறிந்தான்’ என்றே போட்டார்கள். அங்கே ‘தெரிந்தது’ என்று போட்டிருந்தால் வாக்கியமே விழுந்திருக்கும்.

நல்லது கெட்டது பிரித்தறிவதற்கு ‘ஃப்ரம்’ சேர்ந்த ‘நோ’, நடையை வைத்தே ஆளைக் கண்டுகொள்வதற்குப் ‘பை’ சேர்ந்த ‘நோ’. இவை படிக்கப் படிக்கத் தானாக வந்துவிடும்.

பேச்சில் வருவதுதான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. ‘இன்றைக்கு என்ன வெயில்!’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ‘ஐ நோ!’ என்கிறார். படங்களின் தமிழ் வசன வரிகளில் இதை ‘எனக்குத் தெரியும்’ என்று போட்டுவிடுகிறார்கள், எனக்கு மனது வலிக்கும். தமிழில் அது பேச்சை வெட்டுகிற பதில், ‘உன் வாயை மூடு’ என்பதற்குப் பக்கத்து வீடு. அந்த ஆங்கிலக்காரர் சொன்னது ‘ஆமா, அதை ஏன் கேட்கிறீங்க!’ என்று ஒத்துப்போகும் பதில்.

‘காட் நோஸ்’ என்று வந்தாலும் ‘கடவுளுக்குத் தெரியும்’ என்று எழுதிவிடாதீர்கள். அதைப் படித்தால் கடவுள் சாட்சி என்பது போல ஆகிவிடும். யாருக்கும் தெரியாது என்று கையை விரிக்கும் இடம் அது. நம் வீடுகளில் அதற்கு ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘கடவுளுக்குத்தான் வெளிச்சம்.’