ரேடியோ செட்டுப் பாட்டும் லேத்துப் பட்டறைக் காதும்

கேள்வி: எனக்கு வயது 46. சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். இப்போது மதுரையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் மாமா அந்தக் காலத்தில் ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் என்று பத்து வயதில் அவர் பின்னாலேயே திரிவேன். அன்று கேட்ட பாட்டுகள்தான் இன்றும் எனக்குப் பிடிக்கும். மகள் போடுகிற புதுப்பாட்டு எதுவும் மனதில் ஒட்டவில்லை, வார்த்தையே புரிவதில்லை. "யப்பா, நீங்க இன்னும் குழாய் ரேடியோவுலயே நிக்கிறீங்க" என்று கேலி செய்கிறாள். என் அப்பாவுக்கு 75 வயது, மூன்று ஆண்டுகளாக மறதி நோய். எனக்கும் மூளை இறுக ஆரம்பித்துவிட்டதா டாக்டர்?

பதில்: இல்லை. பிடித்த பாட்டு மாறாமலே இருப்பது எந்த நோய்க்கும் அறிகுறி அல்ல. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், பழகின தெருவில் வழி தடுமாறுகிறீர்கள், பட்டறைக் கணக்கு குழம்புகிறது என்று உங்கள் மகள் எழுதியிருந்தால் யோசித்திருப்பேன். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

காது பாட்டைப் பழகுவது தொட்டிலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கடைசி மூன்று மாதங்களில் வயிற்றுப் பிள்ளைக்கு வெளிச்சத்தம் கேட்கும். பிறந்த பிறகு நடப்பது இன்னும் விசேஷம். 2005இல் வந்த ஓர் ஆய்வில், வட அமெரிக்கக் குழந்தைகளுக்கு அவர்கள் ஊர்த் தாளத்தையும், கேட்டுப் பழகாத, தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதிக் கோணல் தாளத்தையும் போட்டுக் காட்டினார்கள். ஆறு மாதப் பிள்ளைகள் இரண்டிலும் தாளம் தப்பினால் கண்டுகொண்டன. ஒரு வயதுப் பிள்ளைகளோ சொந்த ஊர்த் தாளத்தில் மட்டும்தான் கண்டுகொண்டன. இரண்டு வாரம் வீட்டில் அந்தப் பால்கன் பாட்டைக் கேட்க வைத்ததும் அந்தப் பிள்ளைகளுக்கு அது திரும்பப் பிடிபட்டது. அதே இரண்டு வாரம் பெரியவர்களுக்குப் போதவில்லை. உறுமியும் தப்பும் கேட்டு வளர்ந்த உங்கள் காது எப்போது உருவானது என்று இப்போது புரியும்.

அடுத்தது வாலிபம். அமெரிக்காவில் ஹோல்புரூக், ஷின்ட்லர் என்ற இருவர் 1989இல் பல வயதினரிடம் பல காலத்துப் பாட்டுகளைப் போட்டுக் கேட்டார்கள். தாங்கள் சுமாராக 23, 24 வயதில் இருந்தபோது வந்த பாட்டுகளையே பலரும் அதிகம் விரும்பினார்கள். 'நான் கேட்டது பத்து வயதில் ஆயிற்றே' என்பீர்கள். 2013இல் வந்த இன்னோர் ஆய்வில், இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகள் மீதும் தனி ஒட்டுதல் இருந்தது தெரிந்தது. உங்கள் மாமா போட்டது அவருடைய வாலிபத்துப் பாட்டாக இருந்திருக்கும், அது உங்களிடம் தொற்றிக்கொண்டது. இதே மதுரையில் 1916இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த வீட்டில் அம்மா வீணை, பாட்டி வயலின். வீட்டுச் சத்தம் பிள்ளையை விடாது.

பழகின பாட்டில் இன்னொரு சுகமும் உண்டு. இடையிசை முடிந்து பல்லவி திரும்பப் போகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். மான்ட்ரியலில் 2011இல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, பிடித்த இடம் வருவதற்குச் சில நொடிகள் முன்பே மூளையில் டோபமைன் என்ற இன்ப ரசாயனம் சுரக்கத் தொடங்கிவிடுவது தெரிந்தது. புதுப்பாட்டில் எதை எதிர்பார்ப்பது? ஐந்தாறு தடவை கேட்டால் அதிலும் கொஞ்சம் பிடிபடும். பிடிக்காவிட்டாலும் குடி முழுகிப்போகாது.

பாட்டோடு ஒட்டுவது சந்தோஷம் மட்டுமல்ல என்பதற்கு நானே சாட்சி. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவும் என் பிளஸ் டூ பரீட்சையும் ஒன்றாக வந்தன. விடிகாலை நாலரைக்குக் குழாய் அலறும், நான் வேதியியல் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கும் அந்த அம்மன் பாட்டில் ஒன்று காதில் விழுந்தால் வயிற்றைக் கலக்குகிறது. தெய்வக்குத்தம் ஆகாமல் இருக்க வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். மறதி நோயில் பேரனின் பெயர் போன பிறகும் பழைய பாட்டு மிஞ்சி நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். அவர் 15 வயது முதல் 25 வரை, சுமாராக 1965 முதல் 1975 வரை, சிலோன் ரேடியோவில் என்ன கேட்டிருப்பார் என்று அத்தை, சித்தப்பாவிடம் விசாரியுங்கள். குளிக்க வைக்கும் முன், சாயங்காலம் அவர் பரபரக்கும் நேரத்தில், மெதுவாகப் போடுங்கள். நோய் குணமாகாது, ஆனால் ஆள் அமைதியாவார். முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள்.

இப்போது அந்த வரி: "வார்த்தையே புரிவதில்லை." 'பிடிக்கவில்லை' என்பது ரசனை. 'புரியவில்லை' என்பது காதாக இருக்கலாம். பத்து வயதில் குழாய்க்குப் பக்கத்தில் நின்றவர், இன்று லேத் சத்தத்தில் நிற்கிறவர். இரைச்சலில் அடிபட்ட காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர் ஒலிகளை. ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் நன்றாகக் கேட்கும். ச, ஸ, ஃப போன்றவை தேய்ந்துபோகும். சத்தம் கேட்கும், சொல் கேட்காது. பழைய பாட்டில் இது தெரியவே தெரியாது. வரிகள் மனப்பாடம் என்பதால் காது விட்டதை மூளை நிரப்பிவிடும். புதுப்பாட்டில் நிரப்ப ஒன்றுமில்லை. கூட்டத்தில் பேச்சைப் பிடிக்கச் சிரமப்படுகிறீர்களா, டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறீர்களா, ராத்திரி காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் உண்டா என்று கவனியுங்கள்.

அப்பாவுக்கு மறதி நோய் இருப்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். நடுவயதில் காது மந்தமாவதைக் கவனிக்காமல் விடுவது பிற்கால மறதி நோய்க்கான ஆபத்துகளில் ஒன்று. அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே கேட்புத்திறன் பரிசோதனை செய்துகொள்ளலாம். வலிக்காது, அரைமணி நேர வேலை. முதலில் காதுக்குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு போகாதீர்கள்.

பரிசோதனைக்கு முந்தின நாள் பட்டறைக்குப் போக வேண்டாம். சத்தம் பட்ட காது பல மணி நேரம் மந்தமாகவே இருக்கும், கணக்கு தப்பிவிடும். ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கள் காலை போங்கள்.