சொல்லிக்கொள்ளாமல் போனவன்

அன்புள்ள ஐயா,

ஜனவரியில் நானும் என் கல்லூரி நண்பனும் கம்போடியா போனோம். அங்கோர் பார்த்துவிட்டு புனோம் பென் வந்தோம். காலையில், எழுபதுகளில் போல் பாட்டின் கெமர் ரூஜ் ஆட்சி நடத்திய துவோல் சிலெங் சிறை (பழைய பள்ளிக்கூடம்), மதியம் அவர்கள் ஆட்களைக் கொன்று புதைத்த சோயுங் எக் கொலைக்களம். மண்டை ஓடுகளை அடுக்கி வைத்திருக்கும் ஸ்தூபியின் முன்னால் நான் அழுதுவிட்டேன். நண்பன் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் ஆற்றங்கரைக் கடையில் உட்கார்ந்து ஒரு தட்டு நூடுல்ஸை முழுசாகச் சாப்பிட்டான். "நீயெல்லாம் மனுஷனாடா?" என்று கேட்டுவிட்டேன். மறுநாள் விடிகாலை அவனுக்கு சைகோன் பஸ். என்னை எழுப்பக்கூட இல்லை, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். மூன்று மாதமாகப் பேச்சே இல்லை. இந்த மாதிரி இடங்கள் மனிதர்களின் உண்மை முகத்தைக் காட்டிவிடுகின்றன, இல்லையா? யுனெஸ்கோ பட்டியலில் வேறு சேர்த்துவிட்டார்கள். இனி இவை வெறும் சுற்றுலாத் தலமாகிவிடாதா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

யுனெஸ்கோ விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2025 ஜூலையில் சேர்த்தார்கள். கூட்டம் வரட்டும். புல் மண்டிக் கிடப்பதைவிட அது நல்லது.

என்னைக் குத்தியது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட இரண்டு வார்த்தை. 'பழைய பள்ளிக்கூடம்.' மண்டை ஓட்டுக்கு அழுத நீங்கள் பள்ளிக்கூடத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்களே, தம்பி! அது ஒரு உயர்நிலைப் பள்ளி. வகுப்பறைக்குள் செங்கல் வைத்து ஆள் படுக்கும் அளவுக்குத் தடுப்பு கட்டினார்கள். பிள்ளைகள் உடற்பயிற்சி செய்த கம்பத்தில் கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அந்தச் சிறையை நடத்திய டூச் கணக்கு வாத்தியார். அவனுக்கு மேலே இருந்த சோன் சென், எல்லாருக்கும் மேலே இருந்த போல் பாட், அவர்களும் பாடம் நடத்தியவர்கள்தான். குறைந்தது 12,272 பேர் அந்தச் சிறைக்குப் பலியானார்கள் என்று 2010-இல் டூச் வழக்கில் நீதிமன்றம் கணக்குச் சொன்னது. வந்தவர்களை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள், வாக்குமூலம் எழுத வைத்தார்கள், சரியில்லை என்றால் திரும்ப எழுத வைத்தார்கள், எல்லாவற்றையும் கோப்பில் போட்டு வைத்தார்கள். வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை அது. படிப்பு மனிதனைப் பண்படுத்தும் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். பேசுகிறவர்களை ஒரு தடவை அந்த வகுப்பறையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் அங்கே போனது 2012-இல், டூச்சுக்கு மேல்முறையீட்டில் தண்டனை ஆயுளாக உயர்ந்த வருடம். கூட வந்தவர் எங்கள் ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். எனக்கும் நடத்தியவர், அதனால் கடைசி வரை 'சார்'தான். ஒரு வகுப்பறையில் குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நீளத்தை அளந்தார். அப்புறம் அகலம். "முப்பத்தாறு பேர் உக்காரலாம்" என்றார். சுவரில் கரும்பலகை அப்படியே இருந்தது. அதை ஒரு விரலால் தொட்டு, விரல் நுனியைப் பார்த்தார். சாக்பீஸ் தூள் இருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ. கைக்குட்டையை எடுத்து அந்த ஒரு விரலை மட்டும் துடைத்துக்கொண்டார்.

சோயுங் எக்கில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். அங்கே 129 குழிகள் இருப்பதும், தோண்டிய 86 குழிகளில் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் உடல்கள் கிடைத்ததும் உங்களுக்கும் கேட்டிருக்கும். ஒரு மழை பெய்தால் இன்றைக்கும் மண்ணிலிருந்து துணிக் கிழிசல் மேலே வருகிறது. சார் குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழவில்லை. ராத்திரி விடுதியில் சோறும் மீனும் வாங்கி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். உங்களைப் போலவே எனக்கும் ஆத்திரம் வந்தது. வாயைத் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாங்காக் விமான நிலையத்தில் பிரிந்தோம். அவர் மகள் கோலாலம்பூரில் இருந்தாள், அங்கே போக வேண்டும். நான் காப்பி வாங்கித் திரும்பினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தவர், என்னை ஒரு தடவை பார்த்தார், திரும்பி நடந்துவிட்டார். கையில் இரண்டு காப்பி. எனக்கு அது வருடக்கணக்கில் உறுத்தியது. ஊரில் பார்த்தால் பேசுவோம், அந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை.

போன மாதம் சார் போய்விட்டார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். கிளம்பும்போது பழக்க தோஷத்தில் அவர் மனைவியிடம் "போயிட்டு வ…" என்று ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆத்தா கையைப் பிடித்து அழுத்தினார். எழவு வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? சட்டென்று எழுந்து திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். தெருவில் இறங்கி நடந்தபோது பாங்காக்கில் அவர் முதுகு நினைவுக்கு வந்தது. தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

உண்மை முகம் என்று கேட்டிருக்கிறீர்கள். அழுதது உங்கள் முகம், சரி. நாள் முழுக்கப் பேசாமல் நடந்தானே, அது யார் முகம்? சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். சம்பந்தி வீட்டிலிருந்து சோறு வரும். அழுது ஓய்ந்தவர்களை 'ரெண்டு வாய் சாப்பிடு' என்று வற்புறுத்தி உட்கார வைப்போம். காடு போய் வந்தவர்கள் தலைமுழுகிவிட்டுச் சாப்பிடத்தான் செய்வார்கள். உங்கள் நண்பனும் அங்கேயிருந்து வந்துதான் சாப்பிட உட்கார்ந்தான். அவனைப் போய் மனுஷனா என்று கேட்டீர்களே! கோபமாக வருகிறது எனக்கு. உங்கள் வயதில் நானும் கேட்டிருப்பேன் என்பதால் இதோடு விடுகிறேன்.

எழவு வீட்டுக்கே பதினாறு நாள்தான். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்றைக்கு ராத்திரியே அவனுக்குப் போன் போடுங்கள். மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பித்து அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம். சோயுங் எக் பேச்சையும் எடுக்காதீர்கள். சைகோன் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்ததா என்று கேளுங்கள்.